ஜெமிமாவின் வக்கீல்

ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். துறைமுகத்துக் கரித்தூள் பறந்து வந்து விருதுக் கேடயத்தின் மேல் படிந்துவிடுகிறது. பெருக்க வருகிற அம்மாளுக்குத் தினமும் அதைத் துடைப்பதே வேலை. நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்கள், இது கொஞ்சம் ஆடும்.

தென் மாவட்டங்களின் சிறந்த வணிக வழக்கு அலுவலகம் என்று உங்கள் இதழ் எங்களைத் தேர்ந்தெடுத்ததில் சந்தோஷம். சென்னைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். வெற்றியின் ரகசியம் கேட்டீர்கள். பொறுத்தார் பூமி ஆள்வார், அவ்வளவுதான். நாங்கள் கடைக்காரக் குடும்பம். விலை ஏறும்வரை சரக்கின் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்தவர்கள். நான் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதையே செய்கிறேன்.

நீங்கள் முக்கியமாகக் கேட்ட அந்தக் கப்பல் வழக்கையே சொல்கிறேன். என் கட்சிக்காரர் முத்துச்செல்வம் அண்ணாச்சி கப்பல்களுக்கு எண்ணெய் சப்ளை செய்கிறவர். ஒரு துபாய் முதலாளி எண்ணெயை வாங்கிக்கொண்டு பட்டை நாமம் போட்டான். நான் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி, கப்பலை வெளிக்கடலில் நகரவிடாமல் நிறுத்தினேன். முதலாளி அசைந்து கொடுக்கவில்லை. மாலுமிகளுக்குச் சம்பளம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டான். பிறகு சாப்பாடும் மருந்தும் நின்றன.

அந்த மாலுமிகளில் செல்வின் என்று ஒருவன், ஆலந்தலை என்கிற கடலோர ஊர்க்காரன். சர்க்கரை வியாதி. ஊசி மருந்து தீர்ந்துபோய் மயங்கி மயங்கி விழுந்தான். அவனைக் கரையில் இறக்க அனுமதிக்கும்படி கேப்டன் நீதிமன்றத்தில் கேட்டார். நான் ஆட்சேபித்தேன். ஒருவன் இறங்கினால் எல்லோரும் இறங்கக் கேட்பார்கள்; ஆளில்லாத கப்பல் ஏலத்தில் இரும்பு விலைக்குத்தான் போகும். தவிர, கப்பலில் ஆள் தவித்தால்தானே முதலாளி வழிக்கு வருவான். நிலைமை அவ்வளவு மோசமா என்று நீதிபதி கேட்டார். மருத்துவச் சான்று எதுவும் தாக்கலாகவில்லை என்றேன். அது உண்மை. நடுக்கடலில் எந்த டாக்டர் சான்று எழுதுவார்?

செல்வினின் மனைவி ஜெமிமா இந்த அலுவலகத்துக்கு அடிக்கடி வருவாள். முதலாளியை எதிர்த்து வழக்காடுகிறவன் தன் புருஷனுக்காகத்தான் வழக்காடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் பாவம். நான் திருத்தவில்லை. டீ வாங்கிக் கொடுப்பேன். பஸ்ஸில் அலைந்து வருகிறவளுக்கு ஓர் ஆறுதல் வேண்டாமா?

ஒருநாள் கதவை அவளே சாத்திவிட்டு மெல்லச் சொன்னாள்.

"சார், அவுகளால இப்ப எந்திரிச்சி நிக்கவே முடியல. எங்க அண்ணன் ஹென்றி நாளைக்கு விடியக்காலம் வள்ளத்தக் கொண்டுபோயி எறக்கிட்டு வாரேன்னு சொல்லுதாவ. ஒங்கள நம்பித்தான் சொல்லுதேன். வெளிய சொல்லிராதீய சார்."

"கவலைப்படாம போம்மா," என்றேன்.

அவள் படியிறங்கிப் போனதும் கடலோரப் போலீஸுக்குப் போன் செய்தேன். நீதிமன்ற உத்தரவில் நிற்கும் கப்பலிலிருந்து அனுமதியில்லாமல் ஆளை இறக்குவது தப்பு. குடிமகனின் கடமையைச் செய்தேன். பெயரைச் சொல்லவில்லை. விளம்பரம் எனக்குப் பிடிக்காது.

வள்ளம் கப்பலை ஒட்டிய நேரத்தில் மறித்துவிட்டார்கள். செல்வின் கயிற்று ஏணியில் பாதி இறங்கியிருந்தானாம். கீழே மச்சான் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். மேலே ஏறு என்றார்கள், ஏறினான். சீக்காளிக்கு இறங்குவதைவிட ஏறுவது சிரமம்தான்.

அந்த வாரமே செத்துப்போனான். டிவிக்காரர்கள் வந்தார்கள். அதுவரை என் நோட்டீஸுக்குப் பதில்கூடப் போடாத துபாய்க்காரன், சவம் கரைக்கு வந்த மறுநாளே சமரசத்துக்கு வந்தான். முழுத் தொகையும் வசூல். சாவு வரும் என்று எதிர்பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்கத் தயங்குகிறீர்கள். நானே சொல்கிறேன். எதிர்பார்த்தேன். கப்பலை நிறுத்திய அன்று, யாராவது ஒருவன் என்று நினைத்திருந்தேன். ஊசி மருந்து தீர்ந்த செய்தி வந்ததும் அது செல்வின்தான் என்று தெரிந்துவிட்டது. தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். இதில் எந்தப் பிரிவிலும் வழக்கு நிற்காது. உங்கள் ஆங்கில இதழை ஆலந்தலையில் யார் வாங்கப்போகிறார்கள்?

அடக்கம் முடிந்தபின் ஜெமிமா வந்தாள். அழுது தீர்ந்த முகம்.

"போலீசுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தது?"

"தெரிஞ்சவங்கதான் சொல்லியிருக்கணும். யார் யாருக்கும்மா தெரியும்?"

"எனக்கும் அண்ணனுக்குந்தான் சார். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

என்னிடம் சொன்னது அவளுக்கு நினைவிலேயே இல்லை. சுவரிடம் சொன்னதை யாராவது கணக்கில் வைப்பார்களா? தரையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அவுகளுக்கும் அண்ணனுக்கும் வள்ளப் பங்குல தகராறு இருந்துச்சி சார்."

வருத்தத்தோடு தலையை ஆட்டினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அவள் ஹென்றியின் முகத்தில் விழிக்கவே இல்லை. ஊரில் யாரும் அவனோடு கடலுக்குப் போவதில்லை என்று கேள்வி. வள்ளத்தை விற்றுவிட்டுக் கேரளப் பக்கம் கூலிக்குப் போய்விட்டான். போகும்முன் என்னிடம் வந்தான். "நான் சொல்லலன்னு எந்தங்கச்சிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார், நீங்க சொன்னா நம்புவா," என்று நின்றான். குடும்ப விவகாரங்களில் நான் தலையிடுவதில்லை என்று அனுப்பிவைத்தேன்.

செல்வினின் சாவுக்காகத் துபாய் முதலாளி மேல் போட்ட நஷ்டஈட்டு வழக்கை இப்போது நான்தான் நடத்துகிறேன். ஜெமிமா வேறு வக்கீலிடம் போக மாட்டேன் என்றுவிட்டாள். அதையும் ஜெயிப்பேன்.

விருதை யாருக்குச் சமர்ப்பிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்களே, அதற்கு ஜெமிமாவின் பெயரையே போடுங்கள். இத்தனை வருடத் தொழிலில் என்னை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான். அந்த நம்பிக்கைக்கு நான் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை.