நாலு வயது மூத்தவன்

கம்பெனி பஸ் சூளகிரியைத் தாண்டும்போது, காதில் பீடி செருகியிருந்தவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார்.

"அதோ வேகவேகமா நடக்கறான் பாரு, அவன் எங்கண்ணன். என்னைவிட நாலு வயசு பெரியவன்."

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணனா? பையனாட்டம் இருக்காரு!"

"ராத்திரிக்கு அரை வயிறு களிதான். எலிக்குத் தீனியக் குறைச்சா ரொம்ப நாள் இளமையா இருக்குதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானாம். அதக் கத்தரிச்சு செவுத்துல ஒட்டி வெச்சிருக்கான்."

"நல்லதுதானே? நீயும் கூட நடக்கலாமில்ல."

"போன வாரம் ஒரு நாள் போனேம்பா. எதுக்க வந்த ஆளு அவங்கிட்டச் சொல்றான், 'அப்பாவ தெனமும் கூட்டிட்டு வாங்க தம்பி'ன்னு."

"நீ சும்மாவா இருந்தே?"

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கண்ணன் 'சரிங்க'ன்னு தலையாட்டிட்டான்."