சேறு காய்ந்த கைப்பிடி

மெக்கானிக்: ...ஐயா, அந்தத் துணியைக் கொஞ்சம் குடுங்க. கையெல்லாம் சேறு.

பெரியவர்: இது வேற வேலைக்கு. நீங்க உங்க துணியை எடுத்துக்குங்க.

மெக்கானிக்: துணிக்கு அப்படி என்னங்க வேற வேலை... சரி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறக்கணும்.

பெரியவர்: அது எங்கயும் ஓடிடாது. முதல்ல மோட்டாரைப் பாருங்க. எங்கப்பா வாங்கிப் போட்ட அச்சு மிஷின். ஒரு நாள் நின்னதில்லை.

மெக்கானிக்: இப்போ நின்னுடுச்சே.

பெரியவர்: அச்சாபீசுக்குள்ள வெள்ளம் வந்தா நிக்காம? மூணு நாள் இடுப்பளவு தண்ணி. சுவத்துல கோடு தெரியுது பாருங்க.

மெக்கானிக்: பாத்தேன். சுவிட்ச் பெட்டிக்கு மேல ஒரு சாண் ஏறியிருக்கு. ...ம், மோட்டார் மூடி வந்துடுச்சு. இங்க வந்து மோந்து பாருங்க.

பெரியவர்: நான் எழுந்திருக்கலை. நீங்களே சொல்லுங்க.

மெக்கானிக்: வெறும் தண்ணி போன மோட்டார்னா சேத்து வாடை வரும். நல்ல தண்ணியில கழுவி, பல்பு சூட்டுல ஒரு வாரம் காயவிட்டா எழுந்து உக்காந்துடும். இது தீஞ்ச வாடை. உள்ள காயில் கம்பியெல்லாம் கரியாக் கிடக்கு. ஈரத்தோட யாரோ கரண்ட் குடுத்திருக்காங்க.

பெரியவர்: யாரோ என்ன யாரோ. ஊருக்கே தெரியும். என் தம்பி.

மெக்கானிக்: சின்னவரா... பெட்டி மேல 'போடாதே'ன்னு சாக்கட்டியில எழுதியிருக்கே, அது அவர் எழுத்துதானே?

பெரியவர்: எழுதினவனே போட்டான். அவசரக்குடுக்கை.

மெக்கானிக்: போட்டவர் பிழைச்சதே பெருசு. அந்த ஈரத்துல ஷாக் அடிச்சிருந்தா ஆளே இல்லை.

பெரியவர்: ...பிழைச்சுதான் இருக்கான். அத்தனை பேர் முன்னாடி கேட்டேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. தப்பு பண்ணாதவன் வாயைத் திறப்பானா மாட்டானா?

மெக்கானிக்: அதுக்காக வீட்டை விட்டே...

பெரியவர்: வாசல் போர்டுல எங்கப்பா பேர் இருக்கு. அதுக்குக் கீழ நின்னுக்கிட்டுப் பொறுப்பில்லாம நடந்தா, கூடப்பிறந்தவனா இருந்தாலும் சரி, நடையைக் கட்ட வேண்டியதுதான். அதை விடுங்க. மிஷின் எப்போ ஓடும்?

மெக்கானிக்: காயிலை முழுக்க வெட்டி எடுத்துட்டுப் புதுசா சுத்தணும். உங்களுக்கு எத்தனை நாள்ல வேணும்?

பெரியவர்: இத்தனை.

மெக்கானிக்: மூணரை நாளா? முடியாதுங்க.

பெரியவர்: நாலு. நாலு விரல் காட்டுறேன், கண்ணு தெரியலையா?

மெக்கானிக்: மூணுதான் முழுசா இருக்கு. ஆள்காட்டி விரல் பாதியோட நிக்குதே.

பெரியவர்: மீதியைக் காகிதம் வெட்டுற மிஷின் வாங்கிக்கிச்சு. இருபது வயசுல. இந்த நக்கலையெல்லாம் என் தம்பியோட வச்சுக்குங்க.

மெக்கானிக்: அவர்தான் இனிமே இங்க இருக்க மாட்டாரே.

தம்பி மனைவி: மாமா.

பெரியவர்: வாசல்லயே நில்லும்மா. சேறு வழுக்கும்.

தம்பி மனைவி: பரவாயில்லை. மாடி வீட்டுச் சாவி குடுத்துட்டுப் போக வந்தேன். சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு.

பெரியவர்: அவன் எங்க?

தம்பி மனைவி: வண்டியில உக்காந்திருக்கார். இறங்கி வந்தா உங்களுக்குக் கோவம் வரும்னு...

பெரியவர்: சாப்பிட்டானா?

தம்பி மனைவி: எங்க சாப்பிட்டார் மாமா... நாலு நாளா தட்டு முன்னாடி உக்காந்து எழுந்திருக்கார், அவ்வளவுதான். நானும் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டேன். 'அண்ணன் சொன்னா சரிதான்.' இதே பதில். மெக்கானிக் சார், நீங்க சொல்லுங்க. நிஜமாவே இவர் வேலையா இது? மிஷினைப் பாத்தா உங்களுக்குத் தெரியும்ல?

மெக்கானிக்: எப்படி எரிஞ்சுதுன்னு தெரியும்மா. யார்னு...

பெரியவர்: மிஷின் வந்து சாட்சி சொல்லுமா? நேரமாச்சும்மா. கிளம்பு.

தம்பி மனைவி: சாவி மேசையில இருக்கு. உங்க மாத்திரை அலமாரி மேல் தட்டுல. அவர்தான் சொல்லச் சொன்னார். ...வரேன் மாமா.

மெக்கானிக்: ...வண்டியைக் கிளப்புறாங்க.

பெரியவர்: எனக்கும் காது இருக்கு.

மெக்கானிக்: வாசல் பத்தடிதான். ஒரு குரல் குடுத்தா நிப்பாங்க.

பெரியவர்: நீங்க மோட்டார் பாக்க வந்தவர். மோட்டாரைப் பாருங்க.

மெக்கானிக்: ...தெரு முனை திரும்பியாச்சு.

பெரியவர்: போகட்டும்.

மெக்கானிக்: சரி. இப்பவாவது தள்ளி உக்காருங்க. பெட்டியைத் திறக்கணும்.

பெரியவர்: நாளைக்குப் பாத்துக்கலாம்.

மெக்கானிக்: நான் வந்ததுலேர்ந்து அதுக்கு முதுகு குடுத்தே உக்காந்திருக்கீங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் ஐயா.

பெரியவர்: ...என்ன தெரியும்?

மெக்கானிக்: சுவிட்ச் கைப்பிடியில சேறு காஞ்சிருக்கு. அதுல ஒரு கை பதிஞ்சிருக்கு. மூணு விரல் முழுசு. ஒண்ணு பாதி. ...தண்ணி வேணுமா?

பெரியவர்: வேண்டாம். ...நாப்பது வருஷமா தினம் காலையில அந்த சுவிட்சை என் கைதான் போடும். தண்ணி வடிஞ்ச அன்னிக்கும் யாரும் வர்றதுக்கு முன்னாடி வந்தேன். என் கை பட்டா ஓடிடும்னு ஒரு... குப்புன்னு புகை. மறுநாள் வேலையாட்களெல்லாம் வட்டமா நின்னுக்கிட்டு 'யார் போட்டது, யார் போட்டது'ங்கிறாங்க. என் வாயில அவன் பேர் வந்துடுச்சு. அங்கயே வெளிய போடான்னும் சொல்லிட்டேன்.

மெக்கானிக்: அப்போ அந்தத் துணி...

பெரியவர்: அதைத் துடைக்கத்தான். நாலு நாளா எடுத்துட்டு வரேன். பெட்டி கிட்ட போனா கை எழும்ப மாட்டேங்குது. ...இருங்க. நீங்க இன்னும் பெட்டியைத் திறக்கவே இல்லை. உள்ள இருக்கறதை உங்களுக்கு யார் சொன்னது?

மெக்கானிக்: சின்னவர். போன் பண்ணார். 'மோட்டாரை அப்புறம் பாருங்க, முதல்ல அந்தக் கைப்பிடியைத் துடைச்சிடுங்க. அண்ணன் விரல் அதுல இருக்கு, யார் கண்ணுலயும் படக் கூடாது'ன்னார். 'நீங்களே துடைச்சிடலாமே'ன்னேன். 'நான் துடைச்சா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அண்ணன் குன்றிப் போயிடுவார். நீங்க துடைச்சா வேலையோட வேலையாப் போயிடும்'னார். ஊர் பூரா மோட்டார் நனைஞ்சு கிடக்கு. எனக்கு இன்னிக்குத்தான் வர முடிஞ்சுது. உங்ககிட்ட சொல்றதில்லைன்னு அவருக்கு வாக்கும் குடுத்திருந்தேன்.

பெரியவர்: எப்போ... எப்போ போன் பண்ணான்? நான் அவனை வெளிய போடான்னு சொன்ன பிறகா?

மெக்கானிக்: இல்லைங்க ஐயா. அதுக்கு முந்தின நாள்.