கேபிளில் இரண்டு பல்

ஆட்டோமேட்டிக் காரில் சாவி வெளியே வரவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கியரை ‘பார்க்’கில் போட மறந்திருப்பார்கள். போட்டால் சாவி தானாக வரும். மிச்சம் பத்துப் பேருக்குத்தான் என்னைப் போன்ற மெக்கானிக் தேவை.

சாவித் துவாரத்துக்கும் கியர் லிவருக்கும் நடுவே ஒரு மெல்லிய கேபிள் ஓடுகிறது ஐயா. சாவியைத் திருப்பாமல் கியர் நகராது. கியர் பார்க்கில் இல்லாமல் சாவி வராது. கேபிளின் முனையில் பல் பல்லாக ஒரு பிளாஸ்டிக் க்ளிப். அதைத் தூக்கி, கேபிளைச் சரியான இடத்தில் வைத்து அமுக்க வேண்டும். இரண்டு பல் தள்ளி அமுக்கினால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது. நீங்கள் பிடித்து வைத்திருக்கும் காரில் அப்படித்தான் இருந்தது. அதற்காகச் செம்பூர் மெக்கானிக் கணேசபாண்டியனை மூன்று நாளாக இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் நல்ல வேலைக்காரர். அவர் வைத்தது சரியாகவே இருந்தது. தள்ளி வைத்தது நான்.

என் பெயர் ஜமால். மான்குர்தில் சொந்த ஒர்க்‌ஷாப், திலக் நகரில் வீடு. மனைவி ரஷீதாவுக்கு வாஷியில் வேலை கிடைத்தபோது மறுக்காதவன் நான்தான். ரயில் கூட்டத்தில் நசுங்க வேண்டாம் என்று அந்தப் பழைய காரை வாங்கி, ஓட்டவும் கற்றுக் கொடுத்தேன். எத்தனை பேர் செய்வார்கள்?

அவள் லாத்தா என்று கூப்பிடும் அக்கா அஸ்ரினும் வாஷியில்தான். ஆபீஸ் முடிந்து அங்கே போய்விட்டு வர ஆரம்பித்தாள். அப்புறம் சனிக்கிழமைகளிலும் போனாள். நான் கோபப்படவில்லை. சத்தம் போடுகிற புருஷர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு சனிக்கிழமை காலை, அவள் குளிக்கும் நேரத்தில், க்ளிப்பை இரண்டு பல் தள்ளி வைத்தேன்.

போன் வந்தது. போனேன். சாவியைச் சற்று முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு லிவரை இழுத்தால் வரும். அந்தக் கைப்பக்குவம் எனக்கு மட்டும் தெரியும். அவள் சிரித்தாள்.

“இந்த வண்டிக்கும் எங்க லாத்தாவுக்கும் ஆகாது மச்சான். அங்க கெளம்புனா மட்டும் மக்கர் பண்ணுது.”

“பழைய வண்டிதானே பிள்ள. ஒரு போன் போடு, வந்திருதேன்.”

அதன் பிறகு ஆபீஸ் நாளிலும் சில சமயம் தள்ளி வைத்தேன். பலமுறை தாமதமாகப் போய், அவளாகவே வேலையை விட்டாள். நான் விடச் சொன்னதாக ஒருவரும் சொல்ல முடியாது. அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. எங்கே போவதானாலும் என்னைக் கேட்டாள்.

அவள் உண்டாகியிருந்த எட்டாம் மாதத்தில், எனக்குச் சொல்லாமல் கணேசபாண்டியனை வீட்டுக்கு வரவழைத்து வண்டியைச் சரிசெய்ய வைத்திருக்கிறாள். அன்றைக்குச் சோறு போடும்போது சொன்னாள்.

“யாரோ வேணும்னே கை வச்ச மாதிரி இருக்குன்னாரு மச்சான். உங்களத் தவிர யாரு கை வைக்கப்போறா, போங்க அண்ணேன்னு அனுப்பிட்டேன்.”

சாப்பிட்டு முடித்து, கீழே போய், க்ளிப்பைப் பழையபடி இரண்டு பல் தள்ளி வைத்தேன்.

ஐந்தாம் நாள் அந்த மழை. காலை பத்தரை மணி. முதல் ரிங்கில் நான் போன் எடுப்பதில்லை. எடுத்தால் வேலையில்லாதவன் என்று நினைப்பார்கள். மூன்றாம் தடவை எடுத்தேன்.

“மச்சான், ரத்தமாப் போகுது. வண்டி நகர மாட்டேங்குது. ஆட்டோ ஒண்ணும் வரல. சீக்கிரம் வாங்க.”

தண்ணீரில் பைக்கைத் தள்ளியும் ஓட்டியும் கால் மணியில் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிடம். அவளைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்தி உட்கார்ந்தபோது, பின் சீட்டில் பெரிய பை தெரிந்தது.

“ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு பெரிய பையா?”

“பிள்ளைக்கும் சேத்துல்லா எடுத்திருக்கேன்.”

“வேற யாருக்குச் சொன்ன?”

“லாத்தாவ நேரா அங்கயே வரச் சொல்லிட்டேன்.”

“எனக்குப் போடுறதுக்கு முன்னாலயா?”

“நீங்க எடுக்கலியே மச்சான்.”

கியர் பக்கத்து மூடியைக் கழற்றினேன். ஸ்குரூக்களை வரிசையாக டேஷ்போர்டில் வைத்தேன். வாட்ச்மேன் ரோஷன் குடையோடு ஓடி வந்து, பி விங் வெங்கடேஷ் சார் கார் இருக்கிறது, கூப்பிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், இதோ ஆயிற்று என்றேன். க்ளிப்பைத் தூக்கினேன், வைத்தேன், மறுபடி தூக்கினேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் அவள் சொன்னாள்: “இனிமே உங்களக் கேக்காம எங்கயும் போக மாட்டேன் மச்சான். சத்தியமா. வண்டிய எப்படியாவது எடுங்க.”

சாவியை அழுத்திப் பிடித்து லிவரை இழுத்தேன். வந்தது. இரண்டு விநாடி வேலை ஐயா. நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

பெண் குழந்தை. அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். ரஷீதா கண்ணைத் திறந்ததும் என் கையைத்தான் தேடினாள். “நீங்க என்ன செய்வீங்க, உங்களால ஆனதச் செஞ்சீங்க” என்றாள். கணேசபாண்டியன் மேல் புகார் எழுதியதும் அவள்தான். கையெழுத்துப் போட நான்தான் இன்று கூட்டி வந்து வெளி பெஞ்சில் உட்கார வைத்தேன். தேர்ந்த வேலைக்காரர் ஒருவர், தான் செய்யாத வேலைக்கு உள்ளே போவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

இந்தக் கதவு திறந்தே இருந்ததையும், நான் பேசியதெல்லாம் வெளி பெஞ்சுக்குக் கேட்டிருக்கும் என்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன். அஸ்ரின் வந்து அவளை வாஷிக்குக் கூட்டிப் போய்விட்டதாக உங்கள் கான்ஸ்டபிள் சொல்கிறார். இருக்காது ஐயா. இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நான் வந்து கூப்பிடாமல் அவள் எங்கும் போகமாட்டாள்.