கதவுக்கு வெளியே நின்ற அப்பாக்களை உள்ளே அழைத்த ரஜீனா சிஸ்டருக்கு

பச்சிளம் உயிர்களைப் பரிவோடு பேணிய பண்பின் பெட்டகமே! பாலக்காடு பெற்றெடுத்து, எங்கள் ஏலமலைக்கு அனுப்பிவைத்த பெருந்தகையே! கண்ணயராக் காவலே, கடிந்தாலும் கசக்காத கனிமொழியே! எங்கள் ரஜீனா சிஸ்டரே, வணக்கம்!

இதற்கு மேலும் அடுக்கினால், இதைப் படிக்கும் கிருத்திகாவை நிறுத்தி, "ஏனுங்க கிருத்திகா, நான் என்ன கட்சித் தலைவருங்களா?" என்று மேடையிலேயே கேட்டுவிடுவீர்கள். ஆகவே விஷயத்துக்கு வருகிறோம்.

குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, இன்று ஓய்வு பெறுகிறீர்கள். தாயைத் தேற்ற அங்கே எப்போதும் நாலு பேர் இருப்போம். தகப்பனின் பெயரை நாங்கள் கூப்பிட்டால் ஒன்று மருந்துச் சீட்டு, இல்லாவிட்டால் கையெழுத்து. "சாப்பிட்டீங்களா? உள்ள வந்து பாப்பாவைப் பாருங்க" என்று அழைத்த ஒரே ஆள் நீங்கள்தான்.

சாந்தன்பாறைப் பாண்டித்துரையையும் அப்படித்தான் அழைத்தீர்கள். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர் அவர். மனைவி மோனிஷா பிரஷர் ஏறிப் பெண்கள் வார்டில் படுத்திருந்தார். ஏழாம் மாதத்திலேயே பிறந்த மகள் எங்களிடம் இருந்தாள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் பாண்டித்துரை கை கழுவப் போவார். கழுவிவிட்டு, பழையபடி ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். பெற்ற பிள்ளையைப் பார்க்க மனமில்லாத கல்நெஞ்சன் என்று எங்களில் ஒருவரான ரிஞ்சு முணுமுணுத்தார். நாங்களும் தலையாட்டினோம்.

நீங்கள் மட்டும் குழாயடிக்கே போய், என்ன பயம் என்று கேட்டீர்கள். தேய்த்துத் தேய்த்து அவர் கைத்தோல் உரிந்திருந்தது.

"இது மருந்து அடிக்கிற கை சிஸ்டர். அந்தச் சட்டையோடதான் தினமும் வீட்டுக்குப் போவேன். அதனாலதான் புள்ள இப்படிப் பொறந்திருச்சு. இனி தொட்டும் கெடுக்கணுமா?"

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி நாங்கள் நகர்ந்திருப்போம். நீங்களோ, "அதனாலன்னு சொல்லவும் எனக்குத் தெரியாதுங்க, இல்லைன்னு சொல்லவும் தெரியாதுங்க. டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, நான் கூட நிக்கறேன். ஆனா இந்தக் கை இப்போ சுத்தமா இருக்குது. அது எனக்குத் தெரியுமுங்க" என்றீர்கள். மோனிஷாவின் பிரஷர்தான் காரணம் என்றார் டாக்டர். பாண்டித்துரைக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

மீதிப் பாதிக்கு நீங்கள் செய்த வேலை இருக்கிறதே, அடேயப்பா! குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால் இறங்கும் சிரிஞ்சை அவர் கையில் திணித்து, "இதைச் சித்தெ தூக்கிப் புடிங்க, பக்கத்துப் பாப்பாவைப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று நகர்ந்தீர்கள். பக்கத்துத் தொட்டிலில் பாப்பாவே கிடையாது! நகர்ந்ததும் இரண்டடிதான். பால் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை அந்த மனிதர் மூச்சுவிட்டாரா என்பதே எங்களுக்குச் சந்தேகம்.

மறுநாள் சட்டையைக் கழற்றவைத்து, அவர் நெஞ்சின் மேல் குழந்தையைக் கிடத்திப் போர்த்தினீர்கள். "கோழிக்குஞ்சு கணக்கா இருக்கு சிஸ்டர்" என்றவருக்கு, அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைப் பேசச் சொன்னீர்கள். அவர் பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரை ஒவ்வொரு பஸ் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆர்த்தி என்று பெயரிட்டதும் அங்கே வைத்துத்தான்.

இத்தகைய மடல்களில் பிழைத்த பிள்ளைகளைத்தான் பாடுவது வழக்கம். ஆர்த்தி பிழைக்கவில்லை. கிருமித் தொற்று அவளைக் கொண்டுபோய்விட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆனபோது அவளை அப்பாவின் நெஞ்சில் வைத்தீர்கள். மோனிஷாவைச் சக்கர நாற்காலியில் வரவழைத்துப் பக்கத்தில் அமர்த்தினீர்கள். எல்லாம் முடிந்ததும், தன் கைதான் கொன்றது என்று அந்த மனிதர் மறுபடி தொடங்கிவிடுவாரோ என்று நாங்கள் நடுங்கினோம். நெடுநேரம் அழுதுவிட்டு, அவர் உங்களிடம் சொன்னார்: "பயந்துக்கிட்டு வெளியவே நின்னிருந்தா, எம்புள்ள சூடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாமப் போயிருக்கும் சிஸ்டர்."

அன்று நாங்களும் அழுதோம். மருந்தும் இயந்திரமும் தோற்ற இடத்திலும் செவிலிக்கு வேலை மிச்சமிருக்கிறது என்பதை உங்களிடமிருந்தே கற்றோம்.

இன்று பாண்டித்துரையும் மோனிஷாவும் இதோ இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் மேடையில் படிக்கலாமா என்று எங்கள் பின்சி சிஸ்டர் அவர்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "படிங்க சிஸ்டர். கீழ பேர் போடுற எடத்துல எனக்கும் கொஞ்சம் எடம் விடுங்க" என்றார் பாண்டித்துரை.

அன்னையே! மானிட்டர் அலறாத உறக்கமும், ஆறிப்போகாத தேநீரும், உங்கள் வீட்டுக்காரர் பரீது அண்ணனோடு வாய்ச்சண்டை போட வற்றாத தெம்பும் பெற்று, நோயின்றி நெடிது வாழ்க! எங்கள் மலையை மறவாது வாழ்க!

இங்ஙனம்,
கிருத்திகா, பின்சி, ரிஞ்சு,
மற்றும் பிரிவின் செவிலியர் அனைவரும்.

ஆர்த்தியின் அப்பா.