ஒரு விரல் போதும் என்றாள் இனியா

ஜெல் பாலிஷை உரித்து எடுக்கக் கூடாது, மேடம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து வலது கட்டைவிரலைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். ஏதோ கல்யாணத்துக்குப் போட்டது போலிருக்கிறது, ஓரம் தூக்கிவிட்டது. ஓரம் தூக்கினால் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் இழுத்தால் பாலிஷ் மட்டும் வராது, நகத்தின் மேல் பக்கத்தையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வரும். அப்புறம் நகம் காகிதம் மாதிரி மடங்கும், வெந்நீர் பட்டால் சுரீர் என்னும்.

இதற்காகப் பார்லருக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே எடுக்கலாம். மேலே இருக்கும் பளபளப்பை அரத்தால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், நகத்தைத் தொடும் அளவுக்கு வேண்டாம். சுற்றியுள்ள தோலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தின் மேல் வைத்து, பிரியாணி பொட்டலத்துக்குச் சுற்றுகிற அலுமினியத் தாளால் விரலைச் சுற்றிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்போ சாமி விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது, அந்தத் திரவம் சட்டென்று பற்றிக்கொள்ளும். கால் மணி நேரம் பொறுத்து எடுத்தால் பாலிஷ் தானாகச் சுருங்கி நிற்கும், மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். வரவில்லையா, திரும்பவும் சுற்றுங்கள். அவசரப்பட்டால்தான் கெடும். கடைசியில் கை கழுவிவிட்டு எண்ணெய். திலகாவுக்கும் இப்படித்தான் செய்தேன். அந்த வீடியோவைத்தான் நீங்கள் பார்த்தீர்களே.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

என் பெயர் பிரகதீஸ்வரி. ஆவுடையார்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் பார்லர். ஊருக்கு வருகிறவர்கள் கோயில் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் போனால் சிலைகளின் விரல்களைத்தான் பார்ப்பேன். கல்லில் நகத்தைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறான், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று அவன் நினைக்கவில்லை. எனக்கும் அந்தப் புத்திதான். அரைகுறை வேலை ஆகாது.

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வந்தால் பாதி நாள் தூங்குவார். குழந்தை இல்லை. மாமியார் அமராவதி இருந்தவரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தது. நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம். அறுபது வயதில், சின்ன மகன் கல்யாணத்துக்குத் தனக்கும் ஜெல் பாலிஷ் போட்டுவிடச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தவர். அந்தக் கல்யாணம் முடிந்த சில மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் நானும் திலகாவும்தான்.

திலகா என்கிற திலகவதி என் கொழுந்தன் சந்தோஷ்குமாரின் பெண்டாட்டி. அன்னவாசல் பக்கத்துப் பெண். கொழுந்தன் ஷார்ஜாவில். அவள் சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். குழம்பில் உப்புக் கூடினால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டு இன்னொரு தடவை போட்டுக்கொள்வாள். மத்தியானம் பார்லரில் கூட்டம் இல்லாவிட்டால் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவாள், "அக்கா, எதையாச்சும் பண்ணிவிடுங்க." எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது, மேடம். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நான் சமைத்ததை ருசித்துச் சாப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

போன வருஷம் ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருத்திக்கு நூலால் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். திலகா போனோடு ஓடி வந்தாள்.

"அக்கா, விசா வந்திருச்சுக்கா. அங்கிட்டு வீடும் பாத்துட்டாராம். அடுத்த மாசம் கெளம்பச் சொல்றாரு."

"நல்லதாப் போச்சு. மொதல்ல சாமிக்கு ஒரு விளக்கப் போடு" என்றேன். நூல் என் பல்லுக்கு நடுவே இருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறியது. புருவம் இரண்டும் ஒரே அளவாகத்தான் வந்தது.

எனக்கு ஆட்களை வழியனுப்பத் தெரியாது. ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து, வாசலில் நின்று கையாட்டிவிட்டு, திரும்ப உள்ளே வந்து ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க வேண்டும். உங்களுக்கு அது சின்ன விஷயம். நான் அதை யோசித்துப் பார்த்தேன், முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பரணில் மாமனார் காலத்துத் தகர டப்பா ஒன்று கிடந்தது. எலிக்கு வைக்கிற பாஷாணம். அதை இறக்கினேன். அவளுக்கு நான் காலையில் உளுந்தங்கஞ்சி காய்ச்சித் தருவது வழக்கம், இடுப்புக்கு நல்லது. அதில் கொஞ்சம் சேர்த்தேன். வயிறு கலங்க வேண்டும், பயணம் தள்ளிப்போக வேண்டும், வேறு எண்ணம் எனக்கு இல்லை. அதேபோலத்தான் நடந்தது. அவள் வாந்தி எடுத்தாள், படுத்தாள். கொழுந்தன் வீடியோ காலில் வந்து, "ஒடம்பு தேறட்டும், அப்புறம் டிக்கெட் போடலாம். அண்ணி, நீங்கதான் பாத்துக்கிரணும்" என்றான். பார்த்துக்கொண்டேன். ரசம் சாதம் குழையப் பிசைந்து ஊட்டினேன், கால் அமுக்கிவிட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன். அவள் என் மடியில் தலை வைத்துத் தூங்குவாள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன. பொய் சொல்ல மாட்டேன்.

தேறி எழுந்தால் மறுபடி டிக்கெட் பேச்சு வரும். பேச்சு வந்தால் மறுபடி கஞ்சி.

ஒரு தடவை அவளுக்கு நகம் வெட்டும்போது பார்த்தேன். நகத்துக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு விரலில் அல்ல, பத்து விரலிலும் ஒரே இடத்தில். பார்த்ததும் அது கஞ்சியில் போட்டதன் தடம் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று காலையிலேயே கேட்டீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

"என்னக்கா இது கோடு கோடா?"

"சுண்ணாம்புச் சத்து கொறச்சல். எல்லாருக்கும் வாரதுதான். இரு, அழகா மறைச்சு விடுறேன்."

சாதா பாலிஷ் போட்டிருக்கலாம். ஆனால் அதை எந்தப் பெட்டிக்கடை ரிமூவர் பாட்டிலை வைத்தும் அவளே அழித்துவிடுவாள். ஜெல் என்றால் என்னிடம்தான் வர வேண்டும். அடர்ந்த மெரூன் போட்டேன், கால் விரல்களுக்கும் சேர்த்து. அவளுக்கு ஒரே சந்தோஷம், கையை விரித்து விரித்துப் படம் எடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பினாள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நானே பழையதை எடுத்துவிட்டுப் புதிது போடுவேன். எடுக்கும்போது கோடு ஒன்று கூடியிருக்கும். அவள் அதற்குள் போனில் ஏதாவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். இரண்டு தடவை அவளாகவே உரிக்கப் பார்த்தாள், கையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு வருஷமாக ஜெல் போட்ட கையா அது என்று யாரும் கேட்பார்கள், நகம் அப்படி இருக்கும்.

போன மாதம் அவள் ரொம்பவே மெலிந்துவிட்டாள். உள்ளங்கை தோல் தடித்தது, நடந்தால் பாதம் மரத்துப்போகிறது என்றாள். கொழுந்தன் பயந்துபோய் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனிலேயே நாள் வாங்கிவிட்டான். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் இனியா வந்தாள். அடுத்த தெருப் பெண், நர்ஸ். கொழுந்தன்தான் அவளைக் கூடப் போகச் சொல்லியிருந்தான்.

இனியா வந்ததும் திலகாவின் கையைப் பார்த்தாள். "ஐயையோ, நகப்பூச்சோட வரக் கூடாதே. மயக்கம் குடுக்குறப்ப விரல்ல ஒரு கிளிப் மாட்டுவாங்க, இந்தக் கலர் இருந்தா அது சரியாக் காட்டாது. எல்லாம் வேணாம்க்கா, ஒரு விரல் போதும். ஒண்ணை மட்டும் எடுத்து விடுங்க."

கட்டிலில் படுத்திருந்த திலகா கையை நீட்டினாள். அவளுக்கு அசிட்டோன் வாடையை நினைத்தாலே குமட்டியது. "சும்மா பிச்சு எறிஞ்சிருங்கக்கா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

மேடம், இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. இனியா சொன்னபடி ஒரே ஒரு விரலை எடுத்திருக்கலாம். ஒரு நகத்தில் கோடு இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், கதவில் நசுங்கியது என்றால் முடிந்தது. இல்லை, திலகா சொன்னபடி பிய்த்திருக்கலாம். பிய்த்தால் நகம் முழுக்கத் திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும். அதில் எது கோடு, எது காயம் என்று கடவுளுக்கே தெரியாது. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் இன்றைக்கு நான் இந்த ஸ்டேஷனில் இல்லை, என் வீட்டில் இருந்திருப்பேன்.

ஆனால் ஒரு விரல் மொட்டையாகவும் ஒன்பது விரல் மெரூனாகவும் ஒரு பெண்ணை வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்கிறீர்களா? யார் போட்டது என்று கேட்டால் என் பெயரைத்தானே சொல்வாள். பிய்ப்பது இன்னும் மோசம். ஏற்கெனவே உடம்பு முடியாத பெண், நகமும் போய்த் துடிக்க வேண்டுமா? எனக்கு மனசு வரவில்லை. இதில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவள் மேல் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் பிய்த்திருப்பேன்.

"இங்கிட்டு ஜன்னல் பக்கம் வா, திலகா. ஒனக்கு வலிக்காம எடுக்குறேன்" என்று சொல்லிச் சாமி விளக்கை மலையேற்றிவிட்டு உட்கார்ந்தேன். எடுத்த கையோடு, கோடு தெரியாமல் இருக்க, தோல் நிறத்தில் அடிப்பூச்சு ஒன்று அடித்துவிடலாம் என்று பாட்டிலையும் பக்கத்தில் வைத்திருந்தேன். இனியாவுக்கு இந்தக் கை வேலையில் ரொம்ப ஆசை.

"நானும் கத்துக்கிறேன்க்கா, வீடியோ எடுத்துக்கிரவா?"

யாராவது கற்றுக்கொள்கிறேன் என்றால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவே இல்லை. தேய்ப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தேன். தாளை உருவி, குச்சியால் தள்ளி, பத்து விரலையும் துடைத்து, எண்ணெய் தொட்டு, திலகாவின் கைகளை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினேன். "பாரு, எங்கயாச்சும் ஒரு கீறல் இருக்கா?" என்று கேட்டேன். வீடியோவில் அது கேட்கும்.

கீறல் இல்லை. கோடுகள்தான் இருந்தன, ஒவ்வொரு நகத்திலும் படிக்கட்டு மாதிரி, ஒன்றுக்கு மேல் ஒன்று. அடிப்பூச்சு பாட்டிலைத் திறந்தேன். "எதுவும் போடக் கூடாதுக்கா" என்றாள் இனியா. போன் இன்னும் நகத்துக்கு நேராகவே இருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் போனைக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு திலகாவிடம், "இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல படுத்துக்க. காலையில வண்டி ஏற வசதி" என்றாள். நான் டீ போட்டு வந்தேன். வேண்டாம் என்றாள். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிற பெண் அவள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

திலகா பிழைத்துக்கொள்வாள் என்று காலையில் சொன்னீர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நீங்களும் பார்த்தீர்கள். கோடுகளைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டாம். நகம் வளர வளர அது மேலே ஏறிப் போகும், வெட்டி வெட்டி எறிந்தால் ஆறு மாதத்தில் எதுவும் நடக்காத மாதிரி ஆகிவிடும். படுக்கும் முன் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், கோபத்தில் தடவாமல் விட்டுவிடுவாள்.

அந்தக் கோட்டை எனக்கு முன்னமே எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அத்தையின் கையில், அதுதான் என் மாமியாரின் கையில், பார்த்திருக்கிறேன். சின்ன மகன் கல்யாணம் முடிந்ததும் மீமிசலில் இருக்கிற மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறேன் என்று அத்தை கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிடிவாதமாக நின்றார். ஊரே சிரித்ததே, அந்த ஜெல் பாலிஷ். அத்தை கேட்டுப் போட்டதாக நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இறந்த அன்று குளிப்பாட்டும்போது ஒரு கிழவி, கட்டைக்கு எதுக்கு நகப்பூச்சு, எடுங்கடி என்றாள். நாத்தனார்தான் அழுதுகொண்டே தடுத்தாள், ஆசைப்பட்டுப் போட்டது, அதோடேயே போகட்டும் என்று. எடுக்கச் சொல்லியிருந்தால் அதையும் ஒழுங்காகத்தான் எடுத்திருப்பேன்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அத்தைக்கும் நான்தான் கொடுத்தேன், அதே டப்பா. கடைசி நாட்களில் அவரைத் தூக்கி உட்கார வைத்து, வாய் துடைத்து, ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் பார்த்ததும் நான்தான். மீமிசலுக்குப் போயிருந்தால் அவரை அப்படி யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?