சுட்டா பிடிக்குதுன்னு அர்த்தம்

ஐயோ மேடம், பிய்க்காதீங்க, நான் எடுக்குறேன். பிச்சீங்கன்னா ஜெல் பாலிஷோட சேர்ந்து உங்க சொந்த நகமும் ஒரு ஏடு வந்துடும். கையை இந்தத் துண்டு மேல வைங்க. விரலை லூசா விடுங்க. நீங்களா தூக்கிக் குடுக்காதீங்க, வேணுங்கிற விரலை நானே எடுத்துக்குறேன்.

இது யாரு போட்டது? இருங்க இருங்க, சொல்லாதீங்க. நீங்களே போட்டுக்கிட்டீங்க. எப்படித் தெரியும்னா, இடது கை அம்சமா இருக்கு, வலது கையில மட்டும் ஓரமெல்லாம் தூக்கிட்டு நிக்குது. தனக்குத்தானே போட்டுக்கிறவங்க எல்லாருக்கும் இதே கதிதான். எவ்வளவு கை தேர்ந்தவங்களா இருந்தாலும் இடது கையால பிரஷ்ஷைப் பிடிச்சா பாலர் வகுப்புதான். சிரிக்காதீங்க, கை ஆடுது.

ஆமா, மெதுவாத்தான் பண்ணுவேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு மூணு பேரை முடிக்கிற நேரத்துல நான் ஒருத்தரைத்தான் முடிப்பேன். முதலாளியம்மா எனக்கு ஆமைன்னு பேர் வச்சிருக்காங்க. வச்சுட்டுப் போகட்டும்.

பழசெல்லாம் வந்துடுச்சு, இனி புதுசு பூசணும். இதோ பாருங்க, நகமும் தோலும் சேர்ற இடம். இங்க ஒரு முடி அளவுக்கு இடம் விடணும். ஜெல் தோலைத் தொடவே கூடாது. தப்பித்தவறி தொட்டுச்சுன்னா, காய வைக்கிற லேம்ப்ல கையை வைக்கிறதுக்கு முன்னாடியே குச்சியால வழிச்சு எடுத்துடணும். அப்புறம், ஒரே பூச்சா தடிமனா அப்பக் கூடாது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா, ரெண்டு தடவை, மூணு தடவை. தடிமனா பூசுனா மேல பளபளன்னு காய்ஞ்சிடும், அடியில பச்சையாவே கிடக்கும். அந்தப் பச்சைதான் ஆளைக் கவுக்குறது. தோல்ல பட்டுப் பட்டு, ஒரு நாள் உடம்பு போதும்டா சாமின்னு சொல்லிடும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் ஒத்துக்காது.

எங்க கத்துக்கிட்டேனா? பட்டுக் கத்துக்கிட்டேன் மேடம். பட்டதும் நான் இல்ல, என் தங்கச்சி.

நகம் போடுற வகுப்புக்கும் போனேன், போகாம இல்ல. மூணு நாள். முப்பது பேரு, ஒரே ஒரு லேம்ப். தோல்ல பட்டா பரவாயில்ல, காய்ஞ்சதும் உரிச்சுடலாம்னு சொல்லிக்குடுத்தாங்க. மூணாவது நாள் ஆளுக்கொரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ, கிளம்புன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்தா பழகிப் பாக்க ஒரு கை வேணுமே. அம்மா கிட்டவே சேர்க்கல. தங்கச்சிதான், இந்தா வச்சுக்கோன்னு ரெண்டு கையையும் நீட்டினா.

அவ பல் செட் செய்யுற லேப்ல வேலை பார்த்தா. அதுக்குன்னே படிச்சவ. என்ன கைங்கிறீங்க! ஒரு தடவை மெழுகுல கடவாய்ப்பல்லு ஒண்ணைச் செதுக்கி அப்பா தட்டுல போட்டுட்டா. அப்பா பதறிப்போய் வாய்க்குள்ள விரலை விட்டு ஒவ்வொண்ணா எண்ணிட்டிருக்காரு. அப்படிப்பட்டவ. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஜன்னல் பக்கம் உக்காந்து அவளுக்குப் போடுவேன். திங்கக்கிழமை வேலைக்கு நகத்தோட போக முடியாதுல்ல, சாயங்காலமே எல்லாத்தையும் ராவி எடுத்துடுவேன். இப்படி ஏழு மாசம்.

லேம்ப்ல வச்சா, அக்கா சுடுதுக்கான்னு கத்துவா. எனக்கு வகுப்புல சொன்னது மனப்பாடம். சுட்டா பிடிக்குதுன்னு அர்த்தம், பொறுத்துக்கச் சொல்லுங்க. அதையேதான் நானும் சொன்னேன், ஜெல் பிடிக்குதுடி, பொறுத்துக்கோடின்னு. வீட்டுல அது ஒரு கேலியாவே ஆயிடுச்சு. இஸ்திரிப் பெட்டி கையில பட்டாக்கூட, பிடிக்குது பிடிக்குதுன்னு குதிப்பா.

சுட்டா என்ன அர்த்தம் தெரியுமா மேடம்? பூசுனவ தடிமனா பூசியிருக்கான்னு அர்த்தம். வேற ஒரு மண்ணும் இல்ல. கையை உடனே வெளிய எடுக்கணும், சூடு அடங்கினதும் திரும்ப வைக்கணும். இதைச் சொல்லிக்குடுக்க அரை நிமிஷம் ஆகுமா?

அந்தக் கையைக் குடுங்க.

முதல்ல விரல் நுனியில அரிப்பு. அப்புறம் கொப்புளம். அப்புறம் தோல் வெடிச்சு, சட்டைப் பட்டன் போட முடியாம நின்னா. தோல் டாக்டர் முதுகுல என்னென்னமோ ஒட்டிப் பார்த்துட்டுச் சொன்னாரு, ஜெல்லுல இருக்குற சரக்கோட பங்காளிதான் பல் செட்டுக்குக் கலக்குற மருந்துலயும் இருக்காம். இது ஒத்துக்கலன்னா அதுவும் ஒத்துக்காதாம். கையுறையா? போட்டாளே. அதையும் தாண்டி உள்ள போயிடுது. லேப்ல மூணு மாசம் பார்த்தாங்க, அப்புறம் நீ வேண்டாம்மான்னுட்டாங்க. இப்போ ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல டோக்கன் கிழிச்சுக் குடுக்குறா. பல்லு செதுக்குன கை.

ஒரே வீடுதான். என்கிட்டப் பேசுறது, கதவைச் சாத்து, விளக்கை அணை, அவ்வளவுதான். எனக்கு ஒரு கொப்புளம்கூட வரல பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். வந்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தாவது அழுதிருப்போம்.

சரி, நாலு விரலையும் லேம்ப்ல வைங்க. லேசா சூடு தெரிஞ்சாலும் சொல்லிடுங்க டீச்சர்.

ஆமா, உங்களைத்தான். வாசல்ல குரல் கேட்டதுமே தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது, முப்பதுல ஒருத்தி, மூணாவது வரிசை. ஐயே, ஏன் பதறுறீங்க? சுடாது, மெல்லிசாத்தான் பூசியிருக்கேன். இழுக்கணும்னா இழுத்துக்கோங்க. நான் ஒண்ணும் பிடிக்கலையே.

கோவம் இல்லாமயா? எங்கயாவது எதிர்ப்பட்டா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னுதான் இத்தனை வருஷம் வச்சிருந்தேன். இப்போ கைக்கு எட்டுற தூரத்துல உக்காந்திருக்கீங்க, கேக்க வாய் வரல. நீங்க பொறுத்துக்கச் சொல்லுங்கன்னீங்க, அவ்வளவுதானே. அவ பொறுத்துக்கல டீச்சர். முதல் ஞாயித்துக்கிழமையே கையை இழுத்தா. மணிக்கட்டைப் பிடிச்சு உள்ள அமுக்கி வச்சது நான்தான், ஒவ்வொரு வாரமும். அது நீங்க சொல்லிக்குடுத்தது இல்ல.