காத்து?

இந்த அறைக்குச் சன்னல் வைத்திருக்கிறீர்கள், ஐயா. அது பெரிய கொடுப்பினை. எங்கள் ஆய்வகத்துச் சாய அறைக்குச் சன்னல் கிடையாது. இரண்டு பேர் நின்றால் முதுகோடு முதுகு உரசும். ஒரே கதவு. என் வாலிபம் அதற்குள்தான் கழிந்தது.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். ருத்தேனியம் வெள்ளிபோல் மின்னும் உலோகம். மகா சாது. கடும் அமிலத்தில் போட்டாலும் அசையாது. ஆனால் ஆக்சிஜனோடு ஒரு விதமாகச் சேர்ந்துவிட்டால் மஞ்சளாகி, மூடி திறந்ததும் ஆவியாகப் புறப்படும். பிளாஸ்டிக்கோ கொழுப்போ தோலோ, பட்ட இடத்தில் கறுப்பாகப் படிந்துவிடும். அந்தக் கறுப்புதான் எங்களுக்குப் பயன். மெல்லிய பிளாஸ்டிக் சீவல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெறுமையாகத் தெரியும். இந்த ஆவியைக் காட்டினால் உள்ளே இருக்கும் இழையெல்லாம் எழுந்து வரும்.

அவள் ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். குருவி என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் இல்லை. எனக்கும் யாரும் இல்லை. என் சாப்பாட்டில் பாதி அவளுக்கு. அவள் கை வறண்டால் எண்ணெய் தடவிவிடுவேன். பிரார்த்தனையில் என் பெயருக்கு முன்னால் அவள் பெயரைத்தான் சொல்வேன்.

"அக்கா, இந்த உலோகமும் நீங்களும் ஒண்ணு. யார் என்ன சொன்னாலும் கரையவே மாட்டேங்கிறீங்க" என்பாள்.

"உன் வாயைக் கரைக்கத்தான்டி இன்னும் அமிலம் கண்டுபிடிக்கல" என்பேன்.

எங்களுக்குள் ஒரு பழக்கம். பக்கத்து அறை இயந்திர இரைச்சலில், ஆவியை இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று காதால் அறிய முடியாது. அதனால் மூடியைத் திறப்பவர் "காத்து?" என்பார். கதவோரம் நிற்பவர் விசிறியின் வாயில் கைவைத்துப் பார்த்து "ஓடுது" என்பார். அதற்குப் பிறகே மூடி திறக்கும்.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. எனக்கு இனிப்பை ஊட்டிவிட்டு, "போனதும் போன் பண்றேன்க்கா" என்றாள். போன் செய்வார்கள், ஐயா. முதலில் தினமும், பிறகு பண்டிகைக்கு.

அவள் கிளம்ப இருந்த வாரம், ஒரு நாள் காலையிலேயே விசிறி நின்றுபோயிருந்தது. எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். எனக்குச் சளி பிடித்திருந்ததால், முகம் முழுக்க மூடும் கவசத்தைப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"காத்து?"

"ஓடுது."

"கையை வச்சுப் பாத்தீங்களா?"

"ஓடுதுன்னு சொல்றேன்ல."

"நீங்க சொன்னா சரிக்கா."

திறந்து குனிந்தாள். அவள் போட்டிருந்த கண்ணாடியின் ஓரமெல்லாம் இடைவெளி. சற்று நேரத்தில் இருமிக்கொண்டே, கண்ணைப் பொத்திக்கொண்டு, "அக்கா, கதவு எங்க? கதவு எங்கக்கா?" என்று சுவரைத் தடவினாள். கதவில் நான் சாய்ந்திருந்தேன். அவளை அப்படியே அணைத்துக்கொண்டேன். பதற்றம் அடங்கட்டும் என்று கொஞ்சம் பிடித்து வைத்திருந்துவிட்டுத்தான் குழாயடிக்கு அழைத்துப் போனேன்.

இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் தலைவாரிவிடுகிறேன், ஊட்டுகிறேன். என் கையைப் பிடிக்காமல் ஓர் அடி வைப்பதில்லை.

விசிறியைக் கவனிக்கவில்லை என்று எலக்ட்ரீஷியனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகுட்டிக்காரர். எங்கள் அறைக்கு வரும்போதெல்லாம் சிரித்த முகமாக வருவார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றுதான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். பொய் சொன்னது நான். தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கருவிழிப் படலத்தை மாற்றினால் பார்வை திரும்பலாம் என்று டாக்டர் போன மாதமே என்னிடம் சொல்லி, அவளிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்கு நம்பிக்கை கொடுத்து ஏமாற்றலாமா, ஐயா?